துண்டு போட்ட இடம்

அவருக்குத் தெரிய வேண்டாம். துடைத்துவிட்டால் போதும். துடைத்துவிட்டால் இது இல்லை.

அடுப்பின் வாய்க்கு முன்னால் குனிந்து நின்ற கன்னிகா இதைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கைபேசியின் வெளிச்சம் செங்கல் தளத்தின் மேல் நீளமாக விழுந்திருந்தது. ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளுவதற்கு முன் ஒரு பிடி மைதாவைத் தளம் முழுக்க விசிறிவிட்டு, அது எந்த நிறத்துக்கு வருகிறது என்று பார்ப்பாள். சூட்டை அளக்க அதைவிட நல்ல கருவி அவளுக்குத் தெரியாது. வாய்ப்பக்கம், நடு, வலது ஓரம் என்று எல்லா இடத்திலும் மாவு வறுத்த ரவையின் நிறத்துக்கு வந்து, கருகுவதற்குச் சற்று முந்தைய அந்த இனிப்பு வாசனை கடை முழுக்கப் பரவியிருந்தது. உள்ளே, இடது பின்மூலையில் மட்டும் மாவு வெள்ளையாகக் கிடந்தது. விசிறியபோது எப்படி விழுந்ததோ அப்படியே. மூன்று குடங்களை நெருக்கி வைத்து எடுத்த ஈரத் தடத்தைப் போல மூன்று வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

நீளக் கழியின் நுனியில் கட்டிய ஈரச் சாக்கை உள்ளே விட்டுத் தளத்தைத் துடைத்தாள். சாக்கு போன இடமெல்லாம் சுர்ரென்று ஆவி எழுந்தது. மூலைக்குப் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஈரத்துணி கல்லில் உரசும் ஓசை மட்டும் கேட்டது, யாரோ பக்கத்து வீட்டில் தரை துடைப்பதைப் போல.

"இன்னா கன்னி, தட்டு வெக்கலாமா? மாவு பொங்கி வழியுது." பின்னால் அவள் கணவன் தனசேகர் தோளில் துண்டோடு, இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றான்.

"வெக்கலாம் மாமா. அந்த மூலைல மட்டும் வேணாம்."

"ஏன், அங்க யாருனா ஒக்காந்துக்கினு கீறாங்களா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அந்த அடுப்பு அவளுடையது. வடமாலபேட்டையில், திருப்பதிக்கும் சென்னைக்கும் போகிற சாலையோரத்தில் இந்த பேக்கரியை அவர்கள் எடுத்து நடத்தத் தொடங்கியபோது பழைய அடுப்பு ஒன்று கூடவே வந்தது. அதில் ஒரு ஓரத்தில்தான் நெருப்பு. நெருப்புப் பக்கத்து பன் கருகும், எதிர்ப்பக்கத்து பன் வெளிறி நிற்கும். தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தே தனசேகர் ஒரு வருடத்தை ஓட்டினான். கன்னிகா நகரியில் பவர்லூம் ஓடும் வீட்டில் வளர்ந்தவள். துணியில் ஓர் இடம் இறுகி இன்னோர் இடம் தளர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பாள். சீராக இல்லாத எதுவும் அவளுக்குள் ஒரு சின்ன நமைச்சலை உண்டாக்கும். ஒரு பக்கம் கருகிய பன்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நமைச்சல்தான் வந்தது.

அடுப்பையும் அவள் துணியைப் போலவே யோசித்தாள். நெருப்பு தளத்துக்கு அடியில் இருக்கவேண்டும். புகை ஒரே வழியாக ஓடிப்போய்விடக் கூடாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மாதிரி, சம இடைவெளி விட்ட சின்னச் சின்னக் கால்வாய்களில் அது தளத்தின் கீழே பிரிந்து ஓடி, பின்சுவரில் ஏறி, வளைந்த கூரையின் முதுகைத் தடவிக்கொண்டு முன்னால் வந்து புகைபோக்கிக்குப் போகவேண்டும். கால்வாய்களுக்கு மேல் உப்பும் மணலும் உடைத்த கண்ணாடியும் கலந்து ஒரு படுக்கை. வாங்கின சூட்டை அது சீக்கிரத்தில் விடாது. அதற்கு மேல் செங்கல் தளம். கடைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். பலமனேரிலிருந்து வந்த வெங்கடசாமி மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அடுப்பு கட்டச் சொல்றியா, சேல நெய்யச் சொல்றியாம்மா?"

"ரெண்டும் ஒன்னுதான் மேஸ்திரி. எங்கயும் பிசிறு இருக்கக்கூடாது."

பழைய அடுப்பை இடித்தபோது அதன் பின்மூலையில் ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. ஏதோ ரிப்பேர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு வெற்றிடம், அவ்வளவுதான். ஆனால் அந்த வெற்றிடத்தைச் சுற்றியிருந்த செங்கற்கள் சிவப்பாக இருந்தன. அத்தனை வருடம் எரிந்த அடுப்பின் வயிற்றில், ஒரு பொட்டுக் கரியில்லாமல், சூளையிலிருந்து நேற்று இறக்கியவை மாதிரி. மேஸ்திரி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆ... சில்லுனு கீதும்மா. பானத்தண்ணி கணக்கா."

தறியில் ஒரு பாவு தீர்ந்தால் புதுப் பாவை வெறுமனே ஏற்றமாட்டார்கள். பழைய பாவின் கடைசி முழத்தை நெய்யாமல் விட்டுவைத்து, அந்த நூல் நுனிகளோடு புதிய நுனிகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து இருட்டும் வரை கன்னிகா அதைச் செய்திருக்கிறாள். பழசின் நுனியைப் பிடிக்காமல் புதுசு ஓடாது. அது அவள் மனத்துக்கு முன்பே கைக்குத் தெரிந்த விஷயம். அதனால் புது அடுப்பின் முதல் வரி பழைய கல்லில்தான் தொடங்கவேண்டும் என்று சொன்னாள். குவியலில் இருந்ததிலேயே சுத்தமான கற்களைப் பொறுக்கினாள். சாம்பல் தொட்டுத் தடவி, இடது பின்மூலையில் தன் கையாலேயே வைத்தாள்.

"உன் இஷ்டம்மா," என்றார் மேஸ்திரி. "கல்லு நல்ல கல்லுதான்."

பிறகு அவள் எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போனாள். சாம்பல் படிந்த தன் விரல்கள். வெயிலில் மின்னிய சிவப்புக் கற்கள். முதல் முறையாகத் தன்னுடையது என்று ஒன்று எழும்புவதைப் பார்த்த சந்தோஷம். எந்த இடத்திலும் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒரு நாள் பன் உருட்ட வரும் சென்னம்மா தெரியாமல் அந்த மூலையில் ஒரு தட்டை வைத்துவிட்டாள். மற்றத் தட்டுகள் எல்லாம் பொன்னிறமாக, தட்டினால் ஒலி எழுப்பும் பன்களோடு வெளியே வந்தன. அந்தத் தட்டில் மாவு உருட்டி வைத்தபடியே இருந்தது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் பனித்துளி. விடியற்காலைப் புல்லின் மேல் நிற்பதைப் போன்ற சின்னச் சின்ன முழுத்துளிகள். சென்னம்மா தொட்டாள், உடனே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அம்மோ! ஐஸ் மாதிரி உந்தி."

அடுப்பையும் கன்னிகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் வரவில்லை. போன் செய்தால், ராமகுப்பத்தில் தங்கை வீட்டில் பட்டுப்பூச்சிக்கு இலை போட ஆள் இல்லையாம், போகவேண்டுமாம். குரல் அவசரமாக இருந்தது. வைப்பதற்கு முன் ஒன்று கேட்டாள். "பாப்பா எக்கட உந்தம்மா? அடுப்பு கிட்ட விடாத, சரியா?"

பாப்பா என்றது ஹரிதாவை. மூன்றாம் வகுப்பு முடித்து, கோடை விடுமுறையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைக்கும் பின்னால் இருந்த வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்த கன்னிகாவின் ஒரே மகளை. கன்னிகா போனை வைத்துவிட்டு, குழந்தை எங்கே என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போனாள்.

வாரத்தில் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அன்று தனசேகர் உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றான். "எதுனா ஒரு கால்வாய் அடச்சிக்கினு இருக்கும். நான் பாக்கறன்."

கத்திரி வெயில். கரண்டு போய்விட்டிருந்தது. சாலையில் தார் இளகி, லாரிகள் போகும்போது டயர்கள் பிரிந்து வரும் ஓசை கேட்டது. மூச்சுவிட்டால் மூக்கின் உள்ளே எரிந்தது. தனசேகர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையை உள்ளே விட்டுத் தவழ்ந்தான். முதுகு போயிற்று. முழங்கால் போயிற்று. வெடித்த குதிகால்களும் போயின. பிறகு சத்தமே இல்லை.

"மாமா?"

உள்ளே இருட்டு. இன்னும் மிச்சமிருந்த சூடு அவள் முகத்தில் ஊதியது.

"மாமா! இன்னா பண்ணிக்கினு கீற?"

பதிலுக்கு ஒரு பெருமூச்சுதான் வந்தது. நீளமான, நிம்மதியான பெருமூச்சு. கன்னிகாவுக்கு அது தெரியும். கல்யாணமான புதிதில் நகரி பஸ் ஸ்டாண்டில், திருப்பதி பஸ்ஸுக்கு ஒரே கூட்டம். தனசேகர் ஓடும் பஸ்ஸோடு ஓடி, தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக வீசி அவளுக்கு இடம் பிடித்தான். அவளை உட்காரவைத்துவிட்டு வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தான். புத்தூர் தாண்டிப் பக்கத்து இடம் காலியானதும் உட்கார்ந்து இப்படித்தான் மூச்சுவிட்டான். இவரை நேசிக்கலாம் என்று அவள் முடிவு செய்தது அந்த மூச்சில்தான். அந்த மூச்சு இப்போது அடுப்புக்குள் கேட்டது.

"கன்னி," என்றான் உள்ளிருந்து. "இங்க எவ்ளோ நல்லா கீது தெரியுமா?"

வெளியே வந்தபோது அவன் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். உள்ளங்கை ஈரமில்லாமல், அந்தச் செங்கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

"கை வெறச்சிப் போச்சே மாமா!"

"வெறச்சா புத்தூர் போய் கட்டுப் போட்டுக்கறேன். வுடு."

மறுநாள் தீ மூட்டி மாவை விசிறியபோது மூலையில் இரண்டு வட்டங்கள்தான் வெள்ளையாக இருந்தன. மூன்றாவது, மற்ற இடங்களைப் போலவே சீராகப் பழுத்திருந்தது.

அன்றிலிருந்து தனசேகருக்குத் தாகம் இல்லை. நெருப்பின் முன் நாள் முழுக்க நின்றாலும் நெற்றி உலர்ந்திருந்தது. சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துபோனான். படுக்கையில் அவன் முதுகு மண்பானையைப் போலிருந்தது. அந்த வெயிலில், மின்விசிறி நின்றுபோன வீட்டில், கன்னிகா தன் கன்னத்தை அந்த முதுகில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இதமாக இருந்தது. அப்படி இதமாக இருந்ததுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக பயமுறுத்தியது. பயந்துகொண்டே கன்னத்தை எடுக்காமல் கிடந்தாள்.

"உனுக்கு ஒடம்பு இன்னா பண்ணுது மாமா?"

"ஒன்னும் பண்ல." அவன் கூரையைப் பார்த்தபடி யோசித்தான். "மொத மொதலா, ஒன்னுமே பண்ல."

அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். அந்த மூலையை இடிக்கவேண்டும் என்றாள். ரொட்டி வேகிறதா என்று கேட்டார். வேகிறது என்றாள். "வெந்தா இன்னாத்துக்கும்மா இடிக்கற? கங்கம்மா ஜாத்திரை முடியட்டும், வந்து பாக்கறன்." பின்னால் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். உலகம் அங்கே வழக்கம்போல இருந்தது.

அடுத்த வாரம் அடுப்பை அணைத்த நாளில் அவளே கடப்பாரையை எடுத்தாள். வாய் வழியாக உள்ளே விட்டு மூலையை எட்டி இடித்தாள். கல்லில் இரும்பு பட்ட சத்தம் வரவில்லை. மெத்தையில் குத்தியதைப் போல, தொம் என்று ஒரு மென்மையான ஒலி. பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த கை வந்து அவள் கையின் மேல் படிந்தது. கோபமில்லாமல், மெதுவாக, கடப்பாரையை வாங்கிக்கொண்டது.

"இன்னும் ரெண்டு எடந்தான் கீது கன்னி," என்றான் தனசேகர். "அப்பால எல்லாம் ஒரே சீரா ஆயிடும். நீதானே ஆசப்பட்ட?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அது அவன் முகம்தான். அன்பான, களைப்பில்லாத முகம்.

அப்போதே ஹரிதாவின் துணிகளைப் பையில் திணித்தாள். நகரியில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். பள்ளிக்கூடம் திறக்கும் வரை. அதற்குப் பிறகும்கூட. "ஹரிதா!" வீட்டில் இல்லை. பின்கட்டில் இல்லை. கடைக்கு ஓடினாள்.

அடுப்பின் வாய்க்கு முன்னால் இரண்டு சின்னச் செருப்புகள். பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. வீட்டில் ஒருநாளும் அப்படிக் கழற்றி வைத்ததில்லை அந்தப் பெண்.

கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு பாதம் தட்டுப்பட்டது. சில்லென்றிருந்தது. பிடித்து இழுத்தாள். குழந்தை சிணுங்கிக்கொண்டே வந்தாள், தூக்கத்திலிருந்து எழுப்பியதைப் போல. சடையெல்லாம் மாவு.

"ஏம்மா இஸ்துக்கினு வந்த? நைனாதான் கூப்டாரு. உள்ள ஃபேன் இல்லாமயே சில்லுனு கீதும்மா."

கன்னிகா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். நகரி அப்புறம். முதலில் டாக்டர். திருப்பதி பஸ் நின்றது, ஏறினாள். ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வெயில் குழந்தையின் மேல் நேராக விழுந்தது, சூடேறட்டும் என்று விட்டாள். சூடேறவில்லை. வடமாலபேட்டை மறைந்ததும் ஹரிதா பேச்சை நிறுத்தினாள். ரேணிகுண்டா வருவதற்குள் தலை சாய்ந்தது. உதடுகள் நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டன. கன்னிகா அவள் கைகளைத் தேய்த்தாள், ஊதினாள், தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். பஸ் முழுக்க மனிதர்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பதியில் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு கிளினிக். நர்ஸ் தெர்மாமீட்டரைக் குழந்தையின் கக்கத்தில் வைத்தாள், எடுத்தாள், உதறினாள், திரும்ப வைத்தாள். "இதி பனி சேயலேதம்மா," என்று வேறொன்றைக் கொண்டுவந்தாள். அதுவும் வேலை செய்யவில்லை. டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். வெயில், நீர் வற்றியிருக்கிறது, தண்ணீரில் பொடி கலந்து கொடுங்கள் என்றார். நாடியைப் பிடித்தவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு கையை விட்டுவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வேகமாக. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ரேணிகுண்டா தாண்டியதும் ஹரிதாவின் விரல்கள் அசைந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் கண் திறந்தாள். வடமாலபேட்டையில் அம்மாவின் கையை உதறிவிட்டு இறங்கி, கடையைப் பார்த்து ஓடினாள். பிடித்திருந்த மூச்சை விட ஓடுவதைப் போல.

கன்னிகா சாலையோரத்திலேயே நின்றாள். சாம்பல் தொட்டு முறுக்கிய நுனி. அதை அவிழ்க்க முடியாது என்று சின்ன வயதிலேயே தெரியும். அறுக்கலாம். அறுத்தால் புதுப் பாவு மொத்தமும் சரிந்து விழும். அடுப்பை இடித்தால் அந்த இரண்டு பேரும் என்ன ஆவார்கள்? கேள்விக்குப் பதில் பஸ்ஸில் அவள் மடியில் கிடந்தது. இனி கடப்பாரையை யாரும் அவள் கையிலிருந்து வாங்கவேண்டியதில்லை.

ஜாத்திரைத் திருவிழாவுக்கான பன் போடவேண்டிய நாள் வந்தது. மத்தியானத்திலிருந்து தீ. மாங்கட்டை எரியும் வாசனை. சாயங்காலம் ஆகும் முன்பே வானம் கறுத்தது. செம்மண் புழுதியைச் சுருட்டிக்கொண்டு காற்று வந்தது. தகர ஷட்டர் தடதடவென்று ஆடியது. கரண்டு போயிற்று.

கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு வந்து வீட்டில் போட்டாள். வீட்டில் யாருமில்லை. கடைக்குள் வந்தாள். யாருமில்லை. தட்டுகளில் பன் உருண்டைகள் வரிசையாக உப்பி நின்றன. அடுப்பின் இரும்புக் கதவு திறந்திருந்தது.

செருப்புகள்.

இப்போது இரண்டு ஜோடி.

இல்லை. தீ எரிகிறது. உள்ளே யாரும் இருக்கமுடியாது. தீ எரிகிறது.

தளத்தின் அடியில் நெருப்பு உறுமியது. கன்னிகா வேறொன்றும் செய்யத் தோன்றாமல், கை தானாகச் செய்வதைச் செய்தாள். ஒரு பிடி மாவை எடுத்து உள்ளே விசிறினாள். கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். காத்திருந்தாள்.

மாவு நிறம் மாறத் தொடங்கியது. வாய்ப்பக்கம். நடு. வலது ஓரம். ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், சாயத்தில் நனைத்த துணி நிறம் ஏறுவதைப் போல. அழகாக இருந்தது. அவள் இத்தனை நாள் கனவு கண்ட நிறம். வெளிச்சத்தை மூலைக்கு நகர்த்தினாள். அங்கேயும் அதே நிறம். ஒரு வட்டம் மட்டும் வெள்ளை.

அதற்குப் பக்கத்தில் ஒரு முழங்கால்.

வெளிச்சத்தை மேலே தூக்கினாள்.

தனசேகர் கூரையின் வளைவுக்கு ஏற்பக் கழுத்தை மடக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை ஒட்டி ஹரிதா. கையில் ஒரு பன். பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இருவரையும் சுற்றி மாவு பழுத்துக்கொண்டிருந்தது. அவள் சடையில் விழுந்த மாவு வெள்ளையாகவே இருந்தது.

அனல் கன்னிகாவின் முகத்தில் அறைந்தது. புருவ முடி பொசுங்கும் நாற்றம்.

"அம்மா!" ஹரிதாவுக்கு ஒரே சந்தோஷம். "வந்துட்டியா?"

தனசேகர் நிமிர்ந்து பார்த்தான். மகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், பஸ் சீட்டில் இன்னொருவருக்கு இடம் விடுவதைப் போல. தோளிலிருந்து துண்டை எடுத்தான். ஒரு முறை உதறினான். அந்த வெள்ளை வட்டத்தின் மேல் விரித்தான். உள்ளங்கையால் நீவினான்.

"எடம் போட்டுட்டேன் கன்னி. ஏறிக்கோ."

"வாம்மா. நீ வந்தாதான் வண்டி எடுப்பாங்களாம்."

யார்? யார் எடுப்பார்கள்? கேட்கவில்லை. கேட்டால் ஹரிதா சொல்லிவிடுவாள்.

மகள். இந்த வயிற்றில் கிடந்தவள். போகலாம். இரண்டு முழம் தவழ்ந்தால் போதும். அங்கே எரியாது. எதுவும் பண்ணாது. எல்லாம் ஒரே சீராக ஆகிவிடும். அவளுக்குள் இருந்த நமைச்சல்கூட. கன்னிகா முன்னால் குனிந்தாள். பிடிமானத்துக்குக் கதவின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள்.

தோல் சுருங்கும் ஓசையை முதலில் கேட்டாள். வலி பிறகு வந்தது. வெள்ளையாக, கண்ணை இருட்டிக்கொண்டு, தோள்வரை ஏறி வந்தது. கையைப் பிய்த்தெடுத்தாள். அந்த வலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. அது ஒன்றுதான் இந்த வீட்டில் மிச்சமிருந்த சூடு.

வெளியே மழை இறங்கியது. தகரத்தின் மேல் பெரிய துளிகள்.

"அம்மா?"

ஹரிதா கையை நீட்டினாள். சின்னக் கை, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களில் பன் துணுக்கு. அதை நீட்டியபடியே வைத்திருந்தாள். அப்படி நீட்டியும் குழந்தையின் கை வலிக்கவில்லை. அவர்கள் முகத்தில் கோபமில்லை, அவசரமில்லை. வண்டி கிளம்பும் வரை காத்திருப்பவர்களின் முகம்.

கன்னிகா அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் வியர்வை வழிந்து வாய்க்குள் கரித்தது. கதவை மூட அவளுக்குக் கை வரவில்லை.

"நான் வரல கண்ணு," என்றாள், இரண்டாம் முறை சோறு போட வருகிறவர்களிடம் போதும் என்று சொல்லும் குரலில். "நீங்க ஒக்காந்திருங்க. நான் வரல."

அவர்கள் துண்டை எடுக்கவில்லை. தீயின் மேல், பழுத்த மாவின் நடுவில், ஓர் ஓரம்கூடக் கருகாமல் அது விரித்தபடியே கிடந்தது.